மெத்தைக்காரர் தேடிய அன்னம்

மயிலாப்பூர் நாடகக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் ஷரஃபுதீன் சாச்சா 'சீன் சாயபு'தான். சாச்சா என்றால் அப்பாவின் தம்பி. என் அப்பா ஷரீஃப் மூத்தவர், இவர் இளையவர். நடுவில் பிறந்த பூப்புவை, அதாவது எங்கள் அத்தையை, சாந்தோமில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் பிள்ளைகளையும், அவர்கள் யார் யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதையும் சொல்ல ஆரம்பித்தால் சாச்சா கதை அப்படியே நின்றுவிடும். இப்போது அது வேண்டாம்.

சாச்சாவுக்கு வேலை, மேடையின் பின்னால் தொங்குகிற படுதாவில் காட்சி எழுதுவது. தர்பார், தெரு, காடு, கோட்டை வாசல் எல்லாம் அவர் கையில் வரும். அந்தக் காட்சிக்கு ஏற்ற மாதிரி தூணை எங்கே நிறுத்துவது, விளக்கை எங்கே தொங்கவிடுவது, ராஜா எந்தப் பக்கமாக நுழைவது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். மந்தைவெளிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் துணியைத் தரையில் விரித்துப்போட்டு, மூங்கில் கழியின் நுனியில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அதன் மேலேயே நடந்து நடந்து எழுதுவார். வண்ணப் பொடியை வச்சிரப் பசையில் காய்ச்சிக் கலப்பதால் அந்த வாடை அவர் சட்டையை விட்டு எந்தப் பெருநாளுக்கும் போனதில்லை. கொஞ்சம் எழுதிவிட்டு ஏணியில் ஏறுவார், கீழே பார்ப்பார், இறங்குவார், மறுபடி எழுதுவார்.

"கிட்டப் பார்த்தா சேறு, எட்டப் பார்த்தா குளம். அப்படி இருந்தாத்தான் சீனு. எழுதறவன் கண்ணு கையில இருக்கக் கூடாது, கடைசி பெஞ்சில குந்திக்கினு இருக்கணும்" என்பார்.

சாச்சாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது மாம்பலம் ஏரியை மண் கொட்டித் தூர்த்துத் தியாகராய நகர் கட்டிக்கொண்டிருந்த சமயம். பெண் ஜஹீதா. கச்சேரி ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருந்த அப்துல் வஹீதின் மகள். வஹீதும் என் அம்மா ஜமீலுன்னிசாவைப் பெற்றவளும் ஒன்றுவிட்ட அக்கா தம்பி. அதனால் அம்மா அவரை மாமு என்பாள். அம்மாவைக் கட்டிய தோஷத்துக்கு அப்பாவும் மாமு என்றார். பிறகு சாச்சாவும் அதையே பிடித்துக்கொண்டார். நாள் முழுக்கப் பஞ்சு கொட்டுகிற மனிதர் என்பதால் வஹீது மாமுவின் தாடியில் நரை எது, பஞ்சு எது என்று சொல்ல முடியாது. சிரித்தால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

சாச்சா ஜஹீதாவின் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருந்தார். ஒருமுறை தலையணை வாங்கக் கடைக்குப் போனபோது, உள்ளே தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தையல்காரரைக் கண்டித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்ததாம். "பூவைத் தலைகீழா வெச்சுத் தெச்சிருக்கியே, படுத்துக்கினு பாக்கறவனுக்கு அது பூவாத் தெரிய வேணாமா?" அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, "கட்டினா அந்தப் பொண்ணுதான் அண்ணாத்தே. படுத்துக்கினு பாக்கறவன் கண்ணு வரைக்கும் யோசிக்குது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பெண் கேட்கப் போன அன்று வஹீது மாமு சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி சீன் எழுதறாப்ல, சரி. மனுஷன், மாடு, குருவி எல்லாமும் எழுதுவாப்லயா?"

அப்பா தம்பியைப் பார்த்தார்.

"மாடு ஒரு தடவை எழுதினேன் மாமு. பார்த்தவங்க பெஞ்சு நல்லாக் கீதுன்னாங்க. அதோட விட்டுட்டேன்" என்றார் சாச்சா.

தடுப்புக்குப் பின்னால் மாமுவின் மனைவி ஜைதூன் பீ சிரித்துவிட்டாள். கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது. சாச்சாவின் காது அந்தப் பக்கமே போய்விட்டது.

"சிரிப்பு கெடக்கட்டும்" என்றார் மாமு. "எங்க அத்தா காலத்துலேருந்து எங்க வீட்டுல உசுருள்ளதுக்கு உருவம் போடறதில்ல. மரம் எழுது, மாளிகை எழுது, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கண்ணும் மூக்கும் வெச்சு ஒண்ணு எழுதினேன்னு காதுல விழுந்துது, பொண்ணு கெடையாது. வார்த்தை தர்றியா?"

"தர்றேன் மாமு."

சாச்சாவுக்கு அது பாரமாகவே தெரியவில்லை. "நமக்கு எதுக்கு அண்ணாத்தே உசுரு? உசுரோட பாடிக்கினு ஆடிக்கினு நிக்கறதுக்கு மேடையில ஆக்டருங்க கீறாங்களே. அவங்க வந்து நிக்கறதுக்கு எடம் பண்ணித் தர்றதுதான் நம்ம வேலை" என்று திரும்பி வரும்போது சொன்னார். பேச்சு முடிந்தது, வெற்றிலை மாற்றியாயிற்று, பிரியாணிக்குச் சமையல்காரரும் பேசியாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் கற்பக விநோத சபையின் காரியதரிசி, வக்கீல் சந்திரமௌலி ஐயர், 'கமலாவதி' என்று ஒரு புது நாடகம் எழுதினார். பகலில் கோர்ட், மாலையில் சபை. எழுதியதும் அவரே, நடத்துவதும் அவரே. ராஜகுமாரி கமலாவதி வந்து நிற்க அரண்மனைத் தோட்டமும் தாமரைக் குளமும் வேண்டும் என்று சாச்சாவை எழுதச் சொன்னார். படுதா முக்கால்வாசி முடிந்ததும் கொட்டகைக்கு வந்து பார்த்தார். ஏணியில் ஏறியும் பார்த்தார்.

"குளம் இருக்கு, தாமரை இருக்கு. அன்னம் எங்கேங்காணும் சாயபு?"

"அன்னம் வராது சாமி."

"வராதா? ஏன், அதுக்கு ஜுரமா?"

சாச்சா தான் கொடுத்த வார்த்தையைச் சொன்னார். ஐயர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓய், மூணாவது அங்கம் முழுக்கக் கமலாவதி அந்த அன்னத்தோடதான் மனசு விட்டுப் பேசறா. அதுக்குத்தான் பொரி போடறா, அதைப் பார்த்துத்தான் அழறா. வெறும் தண்ணியைப் பார்த்து ஒரு மணி நேரம் பாடினா ராஜகுமாரிக்கு மந்திரிக்கணும்னுதான் ஜனங்க சொல்லும். உம்மால முடியாதுன்னா சொல்லும், வேற ஆளை விட்டு ஒரு அன்னம் மட்டும் போடச் சொல்றேன்."

தன் குளத்தில் வேறொருவன் கை வைப்பதா? சாச்சாவுக்கு அது பொறுக்காது. "நாடகத்தன்னிக்குக் கடைசி பெஞ்சில வந்து குந்துங்க சாமி. அன்னம் இல்லன்னு ஒருத்தர் சொன்னாலும் வேற ஆளை இட்டாந்துக்கோங்க" என்றார். ஐயருக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார். நாடகம் நெருங்கிவிட்டது, அவருக்கும் வேறு வழியில்லை.

மறுநாளிலிருந்து சாச்சா விடியற்காலையில் மாம்பலத்துக்கு நடக்க ஆரம்பித்தார். ஏரியின் ஒரு பக்கம் மாட்டு வண்டிகள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் மிச்சமிருந்த தண்ணீரில் நாரையும் தாரா வாத்தும் வந்து இறங்கும். அவர் பறவையைப் பார்க்கப் போகவில்லை. பறவை எழும்பிப் போன இடத்தைப் பார்க்கத்தான் போனார். பறவை போன பிறகும் நாணல் கொஞ்ச நேரம் அது போன திசைக்கே சாய்ந்திருக்கும். இலையின் ஓரம் அழுந்திக் கிடக்கும். தண்ணீரில் இரண்டு கோடு பிரிந்து பிரிந்து கரையைத் தேடும். கரையில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு வண்டிக்காரர், "இன்னா பாய், மனை வாங்கப் போறியா? அது இன்னும் தண்ணியாக் கீதே" என்று கேட்டாராம்.

ஏரியில் கண்டதையெல்லாம் சாச்சா படுதாவில் கொண்டுவந்தார். நாணல் இரண்டு பக்கமும் விலகி நிற்கிறது. ஒரு தாமரை இலை ஓரம் மடங்கித் தண்ணீர் ஏறியிருக்கிறது. கரும்பச்சைத் தண்ணீரில் இரண்டு கோடு பிரிகிறது. கோடு தொடங்குகிற இடத்தில் வெயில் விழுந்த வெள்ளை ஒரு திட்டு, அவ்வளவுதான். கழுத்தும் இல்லை, இறக்கையும் இல்லை.

பிறகு சுவாமிநாதனைப் பிடித்தார். பகலில் ஆபீஸ் குமாஸ்தா, ராத்திரி கமலாவதி. அந்தக் காலத்தில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் போடுவார்கள்.

"ஐயரே, பொரியைத் தண்ணியில போடாத. அது கழுத்தை நீட்டி வாங்கிக்கற உசரத்துக்குப் போடு. நீ எந்த உசரத்தப் பாக்கறியோ, அந்த உசரத்துலதான் ஜனங்களும் பாப்பாங்க."

"அது கடிக்குமா சாயபு?" என்றார் சுவாமிநாதன்.

"நீ சுருதி விட்டா கடிக்கும்."

நாடகத்தன்று கமலாவதி குனிந்து பொரி போட்டதும் சபைக் கொட்டகை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "கழுத்தை எப்படி வளைச்சிருக்கான் பார்த்தேளா" என்று ஒருவர். "கண்ணுல ஜலம் தெரியறது" என்று இன்னொருவர். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா ஒருத்தி, "அத்தப் புடிச்சுக் கூடையில போட்டா நல்ல கனம் கனக்கும்" என்றாள். கடைசி பெஞ்சில் இருந்த சந்திரமௌலி ஐயர் எழுந்து ஓடி வந்து சாச்சாவைக் கட்டிக்கொண்டார்.

"கடைசியில எனக்காக எழுதிட்டீரே ஓய்."

"நான் எழுதல சாமி."

"புரியறது, புரியறது. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார் ஐயர். அடுத்த வாரத்துக்குள் மாட வீதி நாலிலும் அவர் மூச்சு விடாத வீடு இல்லை.

கணக்கு வாத்தியார் கஸ்தூரிரங்கன் ஒரு பழைய தலையணையைத் தூக்கிக்கொண்டு கச்சேரி ரோட்டுக்கு வந்தார்.

"பாய், இந்தப் பஞ்சைக் கொட்டிடுங்கோ. அன்னத்தூவி அடைச்சுத் தெச்சுக் குடுங்கோ."

"ராஜாக்கமாருங்க படுக்கற சமாச்சாரம் சாமி அது. அன்னத்துக்கு நான் எங்க போவேன்?"

"உங்காத்து மாப்பிள்ளையா வரப்போறவர் ஒண்ணு எழுதி வெச்சிருக்காரே. என்ன கொழுப்பு, என்ன வெள்ளை. உரிச்சா நாலு தலகாணிக்குத் தேறும்."

வாத்தியார் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வஹீது மாமு பஞ்சு கொட்டும் வில்லைக் கீழே வைத்தார். அன்று அதற்குமேல் கடையில் வேலை நடக்கவில்லை. சாயங்காலம் ஜைதூன் பீ எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சமையக்காரரை வர வேணாம்னு சொல்லிடச் சொன்னாரு" என்றாள். பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதையும் போகிறபோது சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா தம்பியை உட்கார வைத்துக் கேட்டார்.

"டேய், அல்லா பொதுவா சொல்லு. எழுதினியா?"

"இல்ல அண்ணாத்தே."

"பொய் சொல்லாத. நானே பார்த்தேனேடா. தலையைத் திருப்பி என்னைப் பார்த்துது."

சாச்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுதியதை இல்லை என்று சாதிக்கிறவனை ஊர் நம்பிவிடும், எழுதாததை எழுதவில்லை என்று சொல்கிறவனை நம்பாது போலிருக்கிறது என்று பிற்பாடு சொல்லிக்கொள்வார். அன்றைக்கு நேராகக் கச்சேரி ரோட்டுக்கு நடந்தார். கடை வாசலிலேயே நின்று, "மாமு, யார் சொன்னதையும் நம்ப வேணாம். நான் சொல்றதையும் நம்ப வேணாம். குடும்பத்தோட வந்து உங்க கண்ணால பாருங்க. அதுல அன்னம் இருந்தா நானே பேச்சை முறிச்சுக்கறேன்" என்றார். மாமு ரொம்ப நேரம் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பையனை விட மனசில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரை போட்ட ஜட்கா சபைக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஜைதூன் பீயும் ஜஹீதாவும் என் அம்மாவும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாவி சந்திரமௌலி ஐயரிடம் இருந்ததால் அவரும் வந்திருந்தார். கதவையெல்லாம் திறந்து வெளிச்சம் விட்டு, சாச்சா கயிற்றைத் தளர்த்திப் படுதாவை இறக்கினார்.

மாமு கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அதோ கீதே. எழுதலன்னு என் மூஞ்சப் பார்த்துச் சொன்னியே தம்பி."

"மேல ஏறி வாங்க மாமு. வந்து கழுத்தப் புடிங்க."

மாமு செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். படுதாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நிமிர்ந்தார். மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லியே. பச்சையா சேறுதான் கீது."

"அங்கதாங்க கீது, இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் போங்க" என்று ஜைதூன் பீ பெஞ்சிலிருந்து வழி சொன்னாள். "அதோ, உங்க கைக்குக் கீழதான்."

மாமு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "இங்கயா?"

"கையை எடுங்க, உங்க கைதான் மறைக்குது."

கையை எடுத்தார். ஒன்றுமில்லை. இறங்கி ஓட்டமாகப் பின்னால் வந்து திரும்பிப் பார்த்தார். அன்னம் மிதந்துகொண்டிருந்தது. மறுபடி மேடைக்குப் போனார். சேறுதான். மெத்தைக்காரர் இப்படிப் போய்ப் போய் வந்ததில் தாடியெல்லாம் வியர்த்துவிட்டது.

சந்திரமௌலி ஐயருக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாய், இவ்வளவு பெரிய பட்சி தெரியலையா? கழுத்தை இடது பக்கம் வளைச்சிண்டு நிக்கறது பாருங்கோ."

"இடப்பக்கமா?" என்றார் மாமு. "நான் பார்த்தது வலப்பக்கம்ல பாத்துக்கினு இருந்துது."

"ஐயரும் இவரும் இன்னாத்தப் பாக்கறாங்களோ" என்றாள் ஜைதூன் பீ, என் அம்மாவிடம் சொல்வதுபோல. "அது நேராத்தான் வருது. பின்னாடியே ஒரு குஞ்சும் வருது."

"குஞ்சா?" என்றார் ஐயர். "என் நாடகத்துல குஞ்சே கிடையாதே."

மாமு மேடை ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, "ஜஹீதா, நீ வாம்மா. நீ இன்னும் ஒண்ணும் சொல்லல. நீ பார்த்து இன்னா சொல்றியோ அதான் பேச்சு" என்றார்.

சாச்சாவின் கையில் படுதாக் கயிறு. அதை விட்டால் கீழே விழுந்துவிடுவோம் என்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஜஹீதா முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசி பெஞ்சிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். நடுவில் நின்று ஒருமுறை பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் வந்து ஒருமுறை பார்த்தாள்.

"அன்னம் இல்ல அத்தா" என்றாள். "நாணல் மடங்கிக்கினு கீது. தண்ணி இன்னும் ஆடுது. இங்கதான் இருந்துது. இப்பத்தான் போச்சு."

பூவைத் தலைகீழாக வைத்ததற்குக் கண்டித்த அதே குரல். "அவ சொன்னப்புறந்தான் நான் இன்னா எழுதினேன்னு எனக்கே வெளங்கிச்சு. அதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சுது, வாய்க்குத் தெரியல" என்பார் சாச்சா.

மாமு தாடியைத் தடவினார். முதலில் தோள் ஆடியது, பிறகு தாடி ஆடியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

"எழுதினது ஒண்ணா இருந்தா மூணு பேருக்கும் ஒரே மாதிரித்தானே தெரிஞ்சிருக்கணும். தம்பி, நீ வார்த்தையக் காப்பாத்திட்ட. உருவம் போட்டது நாங்கதான். ஐயர் ஒண்ணு போட்டாரு, நான் ஒண்ணு போட்டேன். என் வீட்டுக்காரி குஞ்சோட போட்டுட்டா."

"தௌபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ஜைதூன் பீ. ஆனால் கண்ணை மட்டும் குஞ்சிருந்த இடத்தை விட்டு எடுக்கவில்லை என்று என் அம்மா சொல்வாள்.

அன்று சாயங்காலமே சமையல்காரருக்கு மறுபடி ஆள் போனது. நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. சீதனமாக வந்த மெத்தைக்கு ஜஹீதா சாச்சியே உறை தைத்திருந்தாள். ஓரமெல்லாம் நாணல், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி. கஸ்தூரிரங்கன் வாத்தியாருக்குத் தலையணை திரும்பி வந்தபோது, "அன்னம் சிக்கல சாமி, இலவம்பஞ்சுதான்" என்று மாமு சொல்லி அனுப்பினார்.

சில வருஷம் போனது. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் வீடுகள் வந்து, விளக்குக் கம்பமும் வந்துவிட்டது. ஒரு ஐப்பசி மழையில் சபைக் கொட்டகையின் தகரம் ஒழுகிக் கமலாவதியின் குளம் நனைந்தது. வச்சிரத்தில் கலந்த வண்ணம் தண்ணீர் பட்டால் நிற்காது. நாணலும் தாமரையும் ஒன்றாகக் கலந்து ஓடிவிட்டன. சாச்சா வருத்தப்படவில்லை. "குளம்தானே, மழையில ரொம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுத் துணி விரித்து மறுபடி எழுதினார். அதே நாணல், அதே மடங்கின இலை, அதே வெள்ளைத் திட்டு.

சந்திரமௌலி ஐயர் வந்து பார்த்துவிட்டு, சபையில் சொன்னால் மனசு நோகும் என்று வீடு தேடி வந்தார். சாச்சி அவருக்குக் கடைச் சோடா வாங்கி வரச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தப்பா நினைச்சுக்காதேயும் சாயபு. குளம் பிரமாதம். ஆனா அன்னம் பழைய மாதிரி வரல்லை. கழுத்து கொஞ்சம் கட்டையாப் போயிடுத்து."

சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அது எங்கம்மா பார்த்த குஞ்சு சாமி. இப்பத்தான் பெருசாகிக்கினு வருது. கழுத்து இனிமேதான் நீளும்."

ஐயர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அடுத்த நாடகத்தன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "கழுத்து நீண்டிருக்கு ஓய், பார்த்தேளா" என்றார்.